கடன் முடியாத பெரியம்மாவின் வீட்டை விற்பது: எதை முதலில் செய்ய வேண்டும்?

மடிப்பாக்கத்தான்:

வணக்கம். என் அப்பாவின் அண்ணனும் பெரியம்மாவும் 2014 ஜூன் மாதம் மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டை இருவர் பெயரிலும் சேர்த்து 38 லட்சத்துக்கு வாங்கினார்கள். பெரியப்பா 2019-இல் காலமானார். பெரியம்மாவுக்கு இப்போது 74 வயது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கு ஏறி இறங்க முடியாததால், வீட்டை விற்றுவிட்டுத் தாம்பரத்தில் எங்களுக்கு அருகிலேயே தரைத்தள வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்க விரும்புகிறார்.

வீட்டுக் கடனில் 11 லட்சம் பாக்கி இருக்கிறது. குடும்ப ஓய்வூதியத்திலிருந்து மாதத் தவணை தவறாமல் போகிறது. 62 லட்சத்துக்கு ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் வேறொரு வங்கியில் கடன் வாங்கித்தான் பணம் தரப்போகிறார். அசல் பத்திரங்கள் வங்கியில் இருப்பதால் அவர் தயங்குகிறார். தரகரோ, பெரியம்மாவிடமிருந்து என் பெயருக்கு ஒரு பவர் எழுதி வாங்கிவிட்டால் மற்றதைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மாவின் ஒரே மகளான அக்காவுக்கும் விற்பதில் சம்மதமே. கடனை முதலில் நாங்கள் அடைக்க வேண்டுமா, வாங்குபவரின் பணத்திலேயே அடைக்கலாமா?

முன்னாள் கடன்பிரிவு அலுவலர்:

வாங்குபவரின் பணத்திலேயே அடைக்கலாம். சென்னையில் அன்றாடம் நடப்பதுதான். பெரியம்மா தம் வங்கிக்கு எழுதிக்கொடுத்து, கடனை முழுவதுமாக முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கையும், வங்கியிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலையும், அவற்றின் நகல்களையும் பெறட்டும். அவற்றை வைத்தே வாங்குபவரின் வங்கி தன் வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டுக் கடனை அனுமதிக்கும். அதன்பின் வாங்குபவர் தரும் முதல் 11 லட்சம், பெரியம்மாவின் கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு நேராக வங்கிக்கே செல்ல வேண்டும். தரகர் கைக்கோ உங்கள் கணக்குக்கோ வரக் கூடாது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் கிடையாது.

கடன் முடிந்ததும் 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டு, அது அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரங்கள் கைக்கு வந்தால் மட்டும் போதாது. அடமானத்தின்போது உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் வங்கி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்து தர வேண்டும். அது ஏறாதவரை வில்லங்கச் சான்றிதழில் அடமானம் அப்படியே நிற்கும்.

இன்னொன்று. 2014-இல் கடனோடு சேர்த்துப் பெரியப்பா பெயரில், கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியைக் கட்டும் காப்பீட்டுக்குப் பிரீமியம் ஏதேனும் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பழைய கணக்கு அறிக்கையில் பாருங்கள். கணவர் இறந்தபின் இப்படியொரு பாலிசி இருப்பதே தெரியாமல் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வேளச்சேரி வாசி:

நான் இதில் மாறுபடுகிறேன். 62 லட்சத்துக்கு விற்கும் வீட்டில் 11 லட்சம் பெரிய தொகை அல்ல. வைப்புத்தொகையின் பேரிலோ நகையின் பேரிலோ குறுகிய காலக் கடன் பெற்று வங்கியை முடித்துவிட்டால், அசல் பத்திரங்களையும் சுத்தமான வில்லங்கச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு பேரம் பேசலாம். வாங்குபவரின் பணத்தில் அடைத்தபின் அவர் பின்வாங்கினால், அந்த 11 லட்சத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு 74 வயதுக்காரர் தலையில்தான் விழும்.

பவரைப் பொறுத்தவரை, பெரியம்மா தெளிவாகப் பேசிக் கையெழுத்திடும் நிலையில் இருக்கும்போது அதற்கு என்ன தேவை? பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அது செல்லாது. பவர் பெற்றவர் பத்திரம் பதியும் நாளில், கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு மருத்துவர் சான்றும் கேட்பார்கள். மாடி இறங்கி வர உடல் இடம் கொடுக்காவிட்டால், கட்டணம் செலுத்தி விண்ணப்பித்து, பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கப் பதிவுச் சட்டத்தில் வழியிருக்கிறது. தரகர் அவசரப்படுத்துவது அவருடைய கமிஷனுக்காக.

பத்திர எழுத்தர்:

இருவரும் கடனைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை தருவது உரிமை. வீடு இருவர் பெயரில் இருந்து, பெரியப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய பாதி முழுவதும் பெரியம்மாவுக்கு வந்துவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். 2019-இல் உங்கள் பாட்டி உயிருடன் இருந்தாரா? வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா?

மடிப்பாக்கத்தான்:

உயில் இல்லை. பாட்டி 2021-இல்தான் காலமானார். தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். பாட்டிக்குப் பெரியப்பா, என் அப்பா, அத்தை என மூன்று பிள்ளைகள். வாரிசுச் சான்றிதழில் பெரியம்மா, அக்கா, பாட்டி மூவர் பெயரும் இருக்கின்றன.

பத்திர எழுத்தர்:

பாட்டியும் உயில் எழுதவில்லை என்று கொண்டு சொல்கிறேன். வீட்டைப் 18 பங்குகளாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் சொந்தப் பாதி 9. பெரியப்பாவின் 9 பங்குகள் மனைவி, மகள், தாய் மூவருக்கும் தலா 3. பாட்டியின் 3 பங்குகள் உங்கள் அப்பாவுக்கு 1, அத்தைக்கு 1, முன்னரே இறந்த மகனின் பங்காக அவருடைய மகளுக்கு 1 எனப் பிரியும். மருமகளான பெரியம்மாவுக்கு அதில் கிடையாது. ஆகப் பெரியம்மாவுக்கு 12, உங்கள் அக்காவுக்கு 4, அப்பாவுக்கும் அத்தைக்கும் ஒவ்வொன்று. அப்பாவும் அத்தையும் பணம் வேண்டாம் என்றே சொன்னாலும், அவர்கள் கையெழுத்து இல்லாமல் வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் ஒப்ப மாட்டார். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதுவதைவிட, கிரயப் பத்திரத்திலேயே நால்வரும் விற்பவர்களாகக் கையெழுத்திடுவது எளிது.

பவர் உண்மையில் தேவைப்படுவது உங்கள் அக்காவிடமிருந்து. அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அவர் கையெழுத்திட்டு அனுப்பும் ஆவணத்துக்கு, இங்கே வந்துசேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அது நடக்கும்.

முன்னாள் கடன்பிரிவு அலுவலர்:

எழுத்தர் சொல்வது சரி. அப்படியானால் என் வரிசையும் மாறுகிறது. கடன் வாங்கியவர்களில் ஒருவர் இறந்திருப்பதால், அசல் பத்திரங்களை யாரிடம் தருவது என்பதற்கும் வங்கி வாரிசுச் சான்றிதழையும் பாட்டியின் வாரிசுகள் குறித்த சான்றையும் கேட்கலாம். அவற்றை இப்போதே கொடுத்துவையுங்கள்.

வரி விஷயத்திலும் அக்காவின் நிலை வேறு. வீட்டு விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால், இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளர்களுக்கு வாங்குபவர் 1 சதவீதம் பிடித்தம் செய்வார். ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது. அக்கா வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவர் பங்குக்குப் பிடித்தம் மிக அதிகம். முன்கூட்டியே வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கினால் பணம் முடங்காது.

பெரியம்மாவுக்குச் சாதகமான செய்தியும் உண்டு. 2014-இல் வாங்கியதால், இங்கு வசிப்பவர்கள் விற்ற லாபத்துக்கான வரியாக, பணவீக்கக் குறியீட்டோடு (வாங்கிய விலையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக் கணக்கிட்டு) 20 சதவீதம், குறியீடின்றி 12.5 சதவீதம் ஆகிய இரண்டில் குறைந்ததைக் கட்டலாம். 2025-26 நிதியாண்டின் குறியீட்டெண்ணான 376-ஐ 2014-15-இன் 240-ஆல் வகுத்துக் கணக்கிட்டால், 38 லட்சம் ஏறக்குறைய 59.5 லட்சம் ஆகிறது. முழு வீட்டுக்கும் லாபம் 2.5 லட்சம்தான். குறியீடு இல்லாவிட்டால் அதுவே 24 லட்சம். அக்காவுக்கு இந்தத் தெரிவு இல்லை.

மடிப்பாக்கத்தான்:

அனைவருக்கும் மிக்க நன்றி. தரகர் கேட்ட பவரைக் கொடுக்கப்போவதில்லை. அப்பாவிடமும் அத்தையிடமும் பேசிவிட்டேன். இருவரும் கையெழுத்திடத் தயார். பாட்டிக்கான வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, வாங்குபவரிடம் ஒப்பந்தத்துக்கு முன் அவகாசம் கேட்கிறேன். அக்காவின் ஆவணம் வந்துசேர்ந்ததும் கடனை எங்கள் பணத்தில் முடிப்பதா, வாங்குபவரின் பணத்திலா என்பதைப் பெரியம்மாவே தீர்மானிக்கட்டும்.