1948 சுங்கை சிப்புட், பெண் நிருபர்: தோட்டத்து மர்மக் காதல் கதைகள் சறுக்கும் இடம்

பால்மரக்காடு:
இந்த மாதிரிக் கதை பெரும்பாலும் 1948 ஜூன் 16-ல்தான் தொடங்கும். மலாயாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுடப்பட்ட புதன்கிழமை. தேதியைச் சரியாகப் போட்டுவிட்டு மற்றதில் கோட்டை விடுகிறார்கள். அன்றைக்கு யாரிடமும் அடையாள அட்டை கிடையாது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அரசு அவசரகாலம் அறிவித்த பிறகு வந்தது அது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் அரிசிச் சோதனை எல்லாம், காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரர்களுக்கு உணவு போகாமல் தடுக்க வந்த 1950 பிரிக்ஸ் திட்டத்துக்கு அப்புறம்தான். வேலிக் கேட்டில் காதலன் வந்து நிருபரைக் காப்பாற்றியே ஆகவேண்டுமா? கதையை 1951-க்குத் தள்ளுங்கள்.

மங்கு:
துப்பு வேண்டுமென்றால் பால்மரத்திடமே கேட்கலாம். இருட்டோடு பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), விடியும்போது மரத்தடி. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். மத்தியானம் பால் வெட்டிக்கொண்டிருந்தவளைச் சாட்சியாகக் கொண்டுவந்தால் தோட்டத்து வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வேலையே இல்லை, பால் வெட்டிய கோட்டிலிருந்து விலகி வழிந்து வீணாகும்.

மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், பால் இளகியிருந்தால் அன்று காலை வெட்டியது. கட்டிப்போயிருந்தால் முந்தின நாள் வெட்டி, எடுக்க ஆள் வராதது. ஏன் வரவில்லை? இதைவிட நல்ல முதல் அத்தியாயம் எங்கே கிடைக்கும்! வெட்டும் பேசும்: பழகிய கை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டை சீவாது. புதுக்கை ஆழமாக இறக்கி மரத்தைக் காயப்படுத்தும், அந்தத் தழும்பு வருஷக்கணக்கில் நிற்கும். தொழிலாளி வேஷத்தில் மர நிரைக்குள் புகுந்தவனை இதை வைத்தே பிடிக்கலாம்.

அப்புறம், பாலை ராத்தலில் (பவுண்டில்) நிறுங்கள். 1948-ல் கிலோ வேண்டாம்.

அச்சுக்கோப்பு:
நிருபர் ஈப்போவிலிருந்து வரட்டும், பத்திரிகை கோலாலம்பூரில் இருக்கட்டும். 1924-லேயே அங்கே 'தமிழ் நேசன்' வந்துவிட்டது. கதையில் வரும் பத்திரிகைக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். தந்தியில் தமிழ் எழுத்து போகாது. ஆங்கிலத்திலோ, ரோமன் எழுத்தில் தமிழாகவோ கொடுக்கவேண்டும், அதுவும் வார்த்தைக்கு வார்த்தை காசு. தபாலாபீஸ் குமாஸ்தா முழுதும் படித்துவிடுவார் என்பதுதான் விசேஷம். ரகசியம் கசிய வேறு வில்லன் தேவையில்லை.

போலிக் கடிதத் துப்புக்கு எழுத்துச் சீர்திருத்தம் கைகொடுக்கும். 1948 அச்சில் பெரும்பாலும் லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை போன்ற பழைய கொம்பு வைத்தவை; ணா, றா, னா சுழித்தவை. பெரியாரின் 'குடி அரசு' மட்டும் 1935-லேயே மாறிவிட்டது. தமிழ்நாட்டில் இவற்றை மாற்றிய அரசாணை 1978-ல் வந்தது. மற்ற 'பழைய' பத்திரிகைத் துணுக்கில் புது லை இருந்தால் பிற்காலத்துப் பொய்யோ என்று சந்தேகப்படலாம். பாட்டியின் பழைய பெட்டியைப் பேத்தி திறக்கிற கதைகளுக்குப் பொருந்தும்.

லயத்துவாசி:
காதலன் யார் என்பதில் ஒரே பதில்: கிராணி, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. செக்ரோல் என்ற வேலையாள் பதிவேடு அவர் கையில். இறந்தவன் பெயருக்கு வேலைக்கு வந்ததாகக் குறி இருக்கிறது, பால் ராத்தல் கட்டம் காலி. அதை எழுதியவரையே நிருபருக்குப் பிடித்துப்போகிறது என்றால், கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

சந்திக்கிற இடத்தில் கவனம். தோட்டம் கம்பெனி நிலம். துரை அனுமதி இல்லாமல் வெளியாள் நுழைந்தால் வெளியே தள்ளுவார்கள். தனியாக வந்த பெண் ஆபீஸ் வராந்தாவில் கிராணியோடு இரண்டு நிமிஷம் நின்றால் சாயந்திரத்துக்குள் குழாயடி முழுக்கத் தெரியும். திருவிழாக் கூட்டமோ டவுன் ரயிலடியோ ஓரளவு நம்பும்படி இருக்கும். அங்கேயும் கிராணி அவளை 'நீங்கள்' என்றுதான் பேசுவார், கடைசி அத்தியாயம் வரை.