மரத்தரையைக் காப்பாற்றப் போய்

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகிற தூரம். மூன்றாவது மாடி. 2019-ல் ஹாலுக்கும் ஒரு படுக்கையறைக்கும் மரத்தரை போட்டோம். முழுப் பலகை இல்லை. மேலே 4 மில்லிமீட்டர் தேக்கு, அடியில் பிளைவுட் அடுக்கு. எஞ்சினியர்டு வுட் என்பார்கள். சென்னையின் ஈரக்காற்றில் முழு மரத்தைவிட இது குறைவாகத்தான் உப்பிச் சுருங்கும் என்று கடையில் சொன்னது உண்மைதான். ஆனால் செலவு கையைக் கடித்தது. வீட்டுக்காரர் பி.எஃப். பணத்தில் ஒரு பங்கை எடுத்தார். அதனாலோ என்னவோ, முதல் நாளிலிருந்தே அந்தத் தரைமேல் எனக்கு உயிர்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, மொபைல் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துக் கீறல் தேடுவேன். நேராக அடித்தால் தெரியாத கீறல்கூட சாய்த்து அடித்தால் வெள்ளை முடி மாதிரி மின்னும். ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. யார் நாற்காலியை இழுத்தார்கள், யார் பையைத் தொப்பென்று வைத்தார்கள் என்று காலையில் விசாரணை நடக்கும். பையன் தன் நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வருவதையே நிறுத்திவிட்டான். நவராத்திரிக்குக் கொலுப்படியை ஹாலில் வைக்காமல் சமையலறைப் பக்கம் ஒடுக்கினேன்.

நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ஃபெல்ட், அதாவது கம்பளி மாதிரி மெத்தென்ற துணித்துண்டு, ஒட்டினேன். அது நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் பகுதியில் காற்றோடு கடல் மணல் வரும். ஒரு நாள் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஃபெல்ட் முழுக்க மணல் குத்தி, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொர என்றிருந்தது. ஆறு மாதமாக அதை வைத்துத்தான் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். தேக்கு தண்ணீரைத் தாங்கும், கரையானைத் தாங்கும். ஆனால் வெளிநாட்டு ஓக் மரத்தோடு பார்த்தால் கொஞ்சம் மெத்தென்ற மரம். மணலுக்கு அது தாங்காது.

அப்புறம்தான் அந்த ஷீட். 2022-ல் ஹாலில் ஆள் நடமாடுகிற இடத்தில் எல்லாம் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தேன். இனி கவலை இல்லை என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் அம்மா மன்னார்குடியிலிருந்து வந்தார். 74 வயது, கைத்தடி உண்டு. ஊரில் காலையில் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு, வாழைப்பூ ஆய்வதும் கீரை ஆய்வதும்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. இங்கே வந்த அன்றே, "அம்மா, அரிவாள்மனையை ஹாலில் வைக்காதே, தரை போயிடும்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறை டைல்ஸில், சிலிண்டர் பக்கத்தில், காற்றே வராத மூலையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். நெற்றி வியர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நறுக்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஹாலுக்கு வந்தால் சோபா நுனியில் உட்காருவார், தடியைத் தரையில் ஊன்றாமல் மடியில் வைத்துக்கொண்டு.

மூன்றாம் வாரம் ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். ஷீட்டின் ஒரு மூலை சுருண்டு எழும்பியிருந்தது. தடி அதில் மாட்டி, விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, வலியோடு, என்னைப் பார்த்து அம்மா கேட்டது: "தரைக்கு ஒண்ணும் ஆகலையே?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஷீட்டைக் கிழித்து எடுத்தேன். அடியில் பலகைகள் ஒவ்வொன்றும் ஓரம் தூக்கி, நடுவில் லேசாகக் குழிந்திருந்தன. கையை வைத்துத் தடவினால் ஓலைத்தட்டி மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. தரை துடைத்த தண்ணீரும் பால்கனியிலிருந்து வந்த சாரலும் ஷீட்டின் ஓரமாக உள்ளே போய், இடுக்கில் இறங்கித் தங்கிவிட்டன. மேலே பிளாஸ்டிக் மூடியிருந்ததால் காய வழியே இல்லை.

தரை போட்டுக் கொடுத்த ஆசாரியைக் கூப்பிட்டேன். உடனே இழைத்து மட்டமாக்கிவிடுங்கள் என்றேன். அவர் மறுத்துவிட்டார். "இப்ப இழைச்சா, தூக்கியிருக்கிற ஓரம் தேஞ்சு போயிடும்க்கா. அப்புறம் காய்ஞ்சதும் நடு மேடாயிடும். மழைக்காலம் முடியட்டும், திறந்து போடுங்க, ஃபேன் ஓடட்டும்" என்றார். மாசிக்குள் முக்கால்வாசி தானாகவே இறங்கிவிட்டது. மூன்று பலகைகளில் மட்டும் இன்னும் மேடு இருக்கிறது.

உங்கள் வீடுகளில் எப்படி? சொல்லுங்கள்.

அண்ணா நகரிலிருந்து:

எங்கள் வீட்டில் அடிபட்டது வேலைக்கு வந்த அக்காதான். எட்டு வருஷம் எங்கள் வீட்டில் ஒருத்தியாக இருந்தவர். லேமினேட் தரை, அதாவது மேலே மரம் மாதிரி அச்சடித்த பலகைத் தரை, போட்ட பிறகு அவர் மாப்பைப் பிழிவதைப் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கத்துவேன். ஒரு நாள் இணைப்புகள் உப்பியிருந்தன. அவர்தான் காரணம் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, போட்டவர்கள் சுவரோரம் இடைவெளியே விடவில்லை. சுமார் 10 மில்லிமீட்டர் விட்டு அதைச் சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்க வேண்டுமாம். விடாவிட்டால் ஈரக்காலத்தில் தரை விரிந்து, போக இடமில்லாமல் இணைப்பில் எழும்பிவிடும். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார், ஆனால் வேலைக்கு வரவில்லை. அவர் செய்தது சரி.

வேளச்சேரியிலிருந்து:

நாங்கள் கீழ்த்தளம். நான்கு வருஷம் செருப்பு கூடாது, சைக்கிள் கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது என்று பிள்ளைகளை விரட்டிக் காப்பாற்றிய லேமினேட் தரை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி உப்பிக் கிடந்தது, விரலால் பிய்க்க வந்தது. லேமினேட்டின் நடுப்பகுதி மரத்தூளை அழுத்திச் செய்ததுதானே, ஊறினால் திரும்பாது. இழைக்கவும் முடியாது. அத்தனையும் பெயர்த்தெடுத்துவிட்டு டைல்ஸ் போட்டுவிட்டோம். சின்னவள் இப்போது ஹாலில் சைக்கிள் ஓட்டுகிறாள். அவளுக்கு ஒன்பது வயது, சைக்கிள் அவளுக்குச் சிறிதாகிவிட்டது. முட்டி இடிக்க இடிக்க ஓட்டுகிறாள்.

மயிலாப்பூரிலிருந்து:

ஒரே ஒரு கேள்வி. எங்கள் வீட்டிலும் அதே மாதிரி தேக்குதான். அப்படியானால் ஒன்றுமே செய்ய வேண்டாமா? கீறல் விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடுவதா?

திருவான்மியூரிலிருந்து, மறுபடியும்:

விட வேண்டாம். வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று. மணலை அங்கேயே நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. தினமும் மெத்தென்ற துடைப்பத்தால் பெருக்குகிறோம், துணியை ஒட்டப் பிழிந்து துடைக்கிறோம். ஃபெல்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எங்கள் தரையில் மேலே 4 மில்லிமீட்டர் தேக்கு இருப்பதால் எப்போதாவது ஒருமுறை, இருமுறை இழைத்துப் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசாரி சொன்னார். ஆளுக்கு ஆள் சத்தம் போட்டுக் காப்பாற்ற வேண்டிய பொருள் இல்லை அது. டார்ச் அடித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அம்மாவின் கை சேர்ந்துவிட்டது, பாத்திரம் மட்டும் அந்தக் கையால் தூக்க முடிவதில்லை. போன தையில் வந்தபோது, நானே அரிவாள்மனையை எடுத்து வந்து ஹாலில் ஜன்னலோரம் போட்டேன். "வேணாண்டி, கோணிப்பையாவது விரி" என்றார். வேண்டாம் என்றேன். அரிவாள்மனையின் இரும்புக் கால் அழுந்திய இடத்தில் இரண்டு சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன. அடுத்த தடவை அம்மா வரும்போது அதே இடத்தில்தான் போடுவேன்.