குழுச் செயல்திட்டத்தில் எல்லார் கையும் பட என்ன செய்தீர்கள்? அனுபவப் பகிர்வு

அறிவியல் ஆசிரியை, ஒன்பதாம் வகுப்பு:

செயல்திட்டம் கொடுத்த எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும். மேசையைச் சுற்றி ஐந்து பேர் நிற்பார்கள், வயரைச் செருகுவது ஒருத்தர் மட்டும். கடைசியில் ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண். என் வகுப்பில் இதை மாற்றியது மண் ஈரம் அளக்கும் வேலை.

ஓர் ஆர்டுயினோ பலகை (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), மண்ணில் குத்திவைக்கும் இரண்டு கால் சென்சார், ஒரு தொட்டிச் செடி. மண் காய்ந்தால் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். பலகை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணைக் காட்டும். நாங்கள் வைத்திருந்த சென்சாரில் எண் ஏறினால் மண் காய்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் எண் தினமும் ஏற ஆரம்பித்தது. நிரல் எழுதிய பையன் நிரலையே திரும்பத் திரும்பக் குடைந்துகொண்டிருந்தான். தண்ணீர் ஊற்றும் பொறுப்பில் இருந்த பெண்தான், "டீச்சர், மண்ணைத் தொட்டுப் பாருங்க, ஈரமாத்தான் இருக்கு" என்றாள். சென்சாரை உருவிப் பார்த்தோம். ஒரு காலில் மட்டும் உலோகப் பூச்சு அரித்துப்போயிருந்தது. இன்னொரு கால் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது.

ஏன் ஒரு கால் மட்டும்? ஈர மண் வழியாக மின்சாரம் ஒரே திசையில் ஓயாமல் ஓடினால் அது மின்னாற்பகுப்புதான், அதாவது மின்சாரத்தால் நடக்கும் வேதிமாற்றம். நேர்மின்வாயாக (மின்சாரத்தின் நேர்முனையோடு இணைந்து) இருக்கும் காலின் உலோகம் கரைந்துவிடும். பூச்சு போகப் போக மின்தடை கூடும், மண் காய்ந்துவிட்டதாக எண் சொல்லும். புத்தகத்தில் படமாகப் பார்த்த நேர்மின்வாய் அன்றைக்கு அவர்கள் உள்ளங்கையில் கிடந்தது. தீர்வையும் அவர்களே பேசிப் பிடித்தார்கள்: சென்சாருக்கு எந்நேரமும் மின்சாரம் கொடுக்காமல், அளக்கும் நொடிக்கு மட்டும் பலகையின் ஓர் இணைப்பு முனையிலிருந்து கொடுப்பது. அந்தப் பெண் சொல்லியிருக்காவிட்டால் நிரலைத்தான் இன்னும் குடைந்துகொண்டிருப்பார்கள்.

கணினி ஆசிரியர்:

டீச்சர் சொல்வதில் முக்கியமான விஷயம், தண்ணீர் ஊற்றும் வேலை தனியாக ஒருத்தருக்கு இருந்தது. பொறுப்பு பிரிந்திருந்தால்தான் வாய் திறக்க ஒரு காரணம் கிடைக்கும். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்த 'ஜிக்சா வகுப்பறை'யும் இதே அடிப்படைதான். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுப்பார்கள். அடுத்தவர் சொல்லிக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும்.

நான் மைக்ரோபிட்டில் இதைச் செய்கிறேன், அதுவும் நிரல் எழுதி இயக்கும் பலகைதான். அந்தச் சின்னப் பலகையில் 25 எல்இடி விளக்குகளும் ஒரு ரேடியோவும் உண்டு. செய்தி அனுப்பும் நிரலை ஒரு குழுவும், வாங்கும் நிரலை இன்னொரு குழுவும் எழுதும். இரண்டு நிரலிலும் ரேடியோவுக்குக் கொடுக்கும் 'குழு எண்' ஒன்றாக இருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் எழுந்து போய்ப் பேசியே ஆக வேண்டும். விசைப்பலகைக்கும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: தட்டுபவர் பக்கத்தில் இருப்பவர் சொல்வதைத்தான் தட்ட வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். வேகமாக எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு முதலில் எரிச்சல் வரும். வரட்டும். யோசித்ததை வாயால் விளக்கப் பழகுவது அவர்களுக்கும் தேவை.

இயற்பியல் ஆசிரியர்:

பலகை, சென்சார் எதுவும் இல்லாத பள்ளியில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற கைபேசிச் செயலி இலவசம். அதில் ஒலியால் இயங்கும் நிறுத்தற்கடிகாரம் இருக்கிறது. இரண்டு கைபேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருவர் நிற்க வேண்டும். முதலாமவர் கைதட்டினால் இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கும், தூரத்தில் இருப்பது சற்றுத் தாமதமாக. அடுத்தவர் தட்டினால் இரண்டும் நிற்கும், இப்போது முதலாமவரின் கடிகாரம் தாமதமாக. இரண்டு நேரங்களையும் கழித்தால் ஒலி 10 மீட்டர் போக எடுத்த நேரம், ஏறத்தாழ 0.029 நொடி. அதிலிருந்து ஒலியின் வேகம் வந்துவிடும்.

எனக்கு இதில் பிடித்தது, ஒருவர் கையில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான். "உனக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டே தீர வேண்டும். ஒரு எச்சரிக்கை: வகுப்பே அமைதியாக இருக்க வேண்டும், பக்கத்தில் யாராவது நாற்காலியை இழுத்தாலும் கடிகாரம் நின்றுவிடும். நான் காலியான நடைபாதையில்தான் செய்யச் சொல்கிறேன்.

அறிவியல் ஆசிரியை:

சார், இதை அடுத்த வாரமே செய்து பார்க்கிறேன். மதிப்பெண் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். முடிந்த பிறகு குழுவில் யாரையாவது ஒருவரை நான் கூப்பிடுவேன், அவர் மின்சுற்றை விளக்க வேண்டும். அவர் சொல்வதை வைத்துத்தான் குழுவுக்கு மதிப்பெண். யார் பெயர் வரும் என்று முன்கூட்டியே தெரியாததால், தெரிந்தவர்கள் தெரியாதவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.