திருகுச் சுற்றுப் பாதையின் சரிவு: வரைபடத்தில் பொருந்துவது ஓடுமா?

கேள்வி:
வணக்கம். 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் பலகையில், 1:87 ஹெச்ஓ அளவு மாதிரி ரயிலுக்காக, இரண்டு அடுக்குகளைத் திருகுச் சுற்றால் (சுருள்போல் மேலேறும் பாதையால்) இணைக்கும் தளத்தை, தண்டவாள அமைப்பு வரையும் ஸ்கார்ம் மென்பொருளில் வரைந்து வருகிறேன். மார்க்லின் நிறுவனத்தின் சி-டிராக் தண்டவாளத்தில் 437.5 மி.மீ. ஆர வளைவுகளில், சுற்றுக்கு 90 மி.மீ. ஏற்றம் வைத்துள்ளேன். நீண்ட பயணிகள் வண்டி ஏறுமா?

மறுமொழி 1:
ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 2,749 மி.மீ. என்பதால் சரிவு 3.3 விழுக்காடாகிறது. வளைவில் சக்கர விளிம்புகள் தண்டவாளத்தில் உராய்வதால் இழுவைச் சுமை இன்னும் கூடும். மென்பொருள் அந்த உராய்வைக் காட்டாது. 515 மி.மீ. ஆரத்துக்கு மாற்றினால் அதே ஏற்றத்தில் சரிவு 2.8 விழுக்காடாகக் குறையும். நான் அதையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

மறுமொழி 2:
மேலும், சமதளம் சரிவாக மாறும் இடத்தை ஒரே துண்டில் முடிக்காமல் படிப்படியாக உயர்த்துங்கள். இல்லையெனில் இணைப்புக் கொக்கிகள் அங்கேதான் கழன்றுவிடும். 90 மி.மீ. உயரத்தில் பலகையின் தடிமனைக் கழித்த பிறகே வண்டிக்கான இடைவெளியைக் கணக்கிட வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 515 மி.மீ. ஆரத்தில் மாற்றி வரைந்தேன்; பாதையின் நடுக்கோட்டிலிருந்து பலகையின் விளிம்புவரை அகலவாக்கில் இருபுறமும் 85 மி.மீ. எஞ்சுகிறது.