பாட்டியை ‘வொஸே’ என்று கூப்பிட்ட கதை: போர்ச்சுகலில் ஒரு செமஸ்டர்

வேற்று வீட்டில் தங்கி மொழி கற்ற அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என் கதை இது.

ஜெர்மனியில் முதுகலை படித்தபோது எராஸ்மஸ் என்கிற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் போர்ச்சுகலின் கொயிம்ப்ரா நகருக்குப் போனேன். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. கூட வந்தவர்கள் ஃப்ளாட் பிடித்துச் சேர்ந்து தங்கினார்கள். அங்கே பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். மொழி வரணும் என்றால் ஒரு குடும்பத்தோடு இருக்கணும் என்று நினைத்து, நான் ஒரு பாட்டி வீட்டில் அறை எடுத்தேன். அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1290-இல் லிஸ்பனில் தொடங்கி 1537-இல் இங்கே நிலையாக வந்து சேர்ந்தது. மாணவர்களுக்கு அறை விடுவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். வீட்டில் பாட்டி, அவர் மகள், ஒன்பது வயதுப் பேரன்.

கிளம்புவதற்கு முன் மூன்று மாதம் செல்போன் செயலியில் படித்திருந்தேன். அதில் இருந்தது பிரேசில் போர்ச்சுகீசியம் என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது. பிரேசில்காரர்கள் உயிரெழுத்துகளை வாய் நிறையச் சொல்கிறார்கள். போர்ச்சுகலில் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். ‘டெலிஃபோன்’ அங்கே ‘ட்ல்ஃபோன்’. முதல் இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் எனக்குப் புரிந்த சொல் ‘சோப்பா’ ஒன்றுதான். அதுவும் தினம் சூப் இருந்ததால்.

முதல் ராத்திரியே வம்பு. செயலி எனக்குச் சொல்லிக்கொடுத்த ‘நீங்கள்’ என்பது ‘வொஸே’. பாட்டியிடம் பணிவாகத்தான் கேட்டேன், “வொஸேவுக்கு ரொட்டி வேண்டுமா?” என்று. பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ‘வொஸே என்பது குதிரை லாயத்தில்’ என்று பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டும் பழைய வசனமாம். போர்ச்சுகலில் வயதானவர்களை வொஸே என்று சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி.

சரி, பின்னே எப்படிக் கூப்பிடுவது? கூப்பிடவே கூடாது என்பதுதான் பதில். எதிரே இருப்பவரையே படர்க்கையில் வைத்துப் பேச வேண்டும். “அம்மையாருக்கு ரொட்டி வேண்டுமா?” என்று அந்த அம்மையாரிடமே கேட்பது. என்னோடு படித்த ஜெர்மன் பையனுக்கு இது கடைசி வரை ஏறவில்லை. எனக்கு ஒரு நொடியில் ஏறிவிட்டது. “மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?” என்று மாப்பிள்ளையிடமே கேட்கிற ஊரிலிருந்து வந்தவள்தானே நான். பாட்டியும் என்னிடம் அப்படித்தான் பேசினார்: “அ மெனினா ஜா கொமேவ்?” பாப்பா சாப்பிட்டாச்சா? இதில் ஒரு லாபமும் உண்டு. வினைச்சொல்லில் படர்க்கை வடிவம் மட்டும் தெரிந்தால் பாதிப் பேச்சை ஓட்டிவிடலாம்.

மற்ற அசடு வழிந்தவை: பெண் நன்றி சொன்னால் ‘ஒப்ரிகாடா’. நான் ஒரு வாரம் ஆண்கள் சொல்லும் ‘ஒப்ரிகாடோ’வைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திருத்தியது அந்தப் பேரன், கொஞ்சமும் இரக்கமில்லாமல். வகுப்பு ‘கின்டா’ என்றார்கள், ஐந்தாம் நாள். திங்களிலிருந்து எண்ணி வெள்ளிக்கிழமை போய் நின்றேன். அவர்கள் ஞாயிறிலிருந்து எண்ணுகிறார்கள். வகுப்பு முந்தின நாளே முடிந்திருந்தது. போனை எடுத்தால் ‘ஷ்தோ?’ என்பார்கள். ‘இருக்கிறேன்?’ என்று அர்த்தம்.

மார்ச்சில் காய்ச்சல் வந்தது. அங்கே பல பழைய வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. ஜெர்மன் குளிர் எல்லாம் வெளியேதான், கொயிம்ப்ராவின் ஈரக்குளிர் கட்டிலுக்கே வந்துவிடும். பாட்டி என் அறை வாசலில் நின்று, “கான்ஜா செய்கிறேன்” என்றார். காய்ச்சலில் காது குழம்புகிறது என்று நினைத்தேன். சற்று நேரத்தில் கிண்ணத்தில் கோழிச் சாறும் அதில் குழைய வெந்த அரிசியும் வந்தன. கஞ்சியேதான். மலபார்க் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுபோன சொல். ‘கறி’யும் அங்கே ‘கரில்’ ஆகிப் பாட்டியின் அலமாரியில் மஞ்சள் நிற மசாலாத் தூளாக உட்கார்ந்திருந்தது. இது எங்கள் வார்த்தை என்று எனக்குத் தெரிந்த உடைந்த மொழியில் சொன்னேன். “ஆமாம், கோவா” என்றார். இந்தியா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் கோவாதான். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் ஏப்ரலில் விட்டுவிட்டேன்.

மே மாதம் ஒரு நாள் மழையில் ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்ததும் பாட்டி பிடித்துக்கொண்டார். அரை நிமிடத் திட்டு. முடிந்த பிறகுதான் கவனித்தேன், ஒரு ‘மெனினா’வும் இல்லை. எல்லாம் ‘து’. அதாவது, நீ. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி. மகளிடம் போய், “இனி நானும் பாட்டியை ‘து’ என்று சொல்லலாமா?” என்று கேட்டேன். “நீ சொல்லக் கூடாது” என்றாள்.

* * *

(இதைப் படித்த ஒருவரின் பதில்) உங்களுக்கு நேரெதிர் எனக்கு. நான் பிரேசிலில், பெலோ ஒரிசோன்ச்சியில் ஒரு குடும்பத்தோடு ஐந்து மாதம் இருந்தேன். அங்கே வொஸேதான் எல்லாருக்கும், அதையும் ‘செ’ என்று சுருக்கிவிடுவார்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று வீட்டம்மாவை ‘செஞோரா’, அதாவது அம்மையார், என்றேன். “செஞோரா வானத்தில் இருக்கிறாள்” என்றார். மாதாவைச் சொல்கிறார். என்னைக் கிழவி ஆக்காதே என்பது உள்ளர்த்தம். ஒரே மொழிதான், ஒரு பக்கம் லாயம், இன்னொரு பக்கம் வானம்.

* * *

(இன்னொருவரின் பதில்) அக்கா, நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது லண்டன். நான் போர்ட்டோவில் ஒரு செமஸ்டர் இருந்தேன். முதல் வகுப்பில் வீட்டுச் சாமான்கள் பாடம். கதிரை (நாற்காலி), குசினி (சமையலறை), மேசை, சப்பாத்து (காலணி), யன்னல் என்று, போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த எங்கட வீட்டுப் பேச்சே வந்துகொண்டிருந்தது. முன்பே படித்தனீங்களோ என்று ஆசிரியை கேட்டார். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு கிழமைதான். சாமான் எல்லாம் தெரியும், அதை எடு, வை என்று சொல்லத்தான் தெரியாது. ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் பாண்கூட எங்களுடையதுதான் என்று நம்பிப் பேக்கரிக்குப் போனேன். மூக்கால் சொல்லாமல் ‘பாவ்’ என்றுவிட்டேன். அது விறகுக்கட்டை. அந்தக் கான்ஜா எப்படிச் செய்கிறது என்று எழுதுங்கோ.

* * *

செய்முறை கேட்ட தம்பிக்கு: கோழியை வெங்காயம், உப்போடு நன்றாக வேகவிட்டு வெளியே எடுங்கள். அந்தச் சாற்றில் ஒரு கைப்பிடி அரிசி போட்டுக் குழைய விடுங்கள். கோழியைப் பிய்த்துப் போட்டு இரண்டு புதினா இலை, எலுமிச்சை பிழியலாம். இஞ்சி வேண்டாம். ஒரு தடவை பாட்டிக்குத் தெரியாமல் போட்டேன். முதல் கரண்டியிலேயே கண்டுபிடித்துவிட்டார்.