ஏவாச்சூடு, நிலைமச்சூடு: கைத்துப்பாக்கிக் கோளாறு ஒன்றுக்குச் சொல் தேடி

அன்புள்ள கலைச்சொற் குழும நண்பர்களுக்கு,

தக்கலையிலிருந்து வணக்கம். கைத்துப்பாக்கி கை நழுவித் தரையில் விழும்போது, ட்ரிக்கரை யாரும் தொடாமலேயே குண்டு புறப்பட்டுவிடும் கோளாறுக்கு மார்த்தாண்டத்து நண்பர், தானாகச் சுடுவது என்னும் பொருளில், "தற்சூடு" என்னும் சொல்லை முன்வைத்திருக்கிறார். அதை ஏற்க நான் தயங்குவது இலக்கணத்துக்காக அன்று. கோளாறின் காரணத்தை அந்தச் சொல் மூடிவிடுகிறது என்பதற்காகவே. "தானா வெடிச்சிட்டு சார்" என்று நம் ஊரில் குக்கருக்கும் சொல்கிறோம், டயருக்கும் சொல்கிறோம். முப்பது ஆண்டுகள் பட்டறைப் பயிற்றுநராக இருந்த எனக்கு, அந்த வாக்கியத்தோடு வந்து சேர்ந்த பொருள்களில் ஒன்றுகூட உண்மையில் தானாக வெடித்ததாக நினைவில்லை.

2017-இல் பேசப்பட்ட சிக் சவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே சுருள்வில்லின் இழுப்பில் நிற்கும், தோட்டாவை அடித்துச் சுடவைக்கும் அடியூசியை ஒரு சிறு உறுப்பு பிடித்து வைத்திருக்கிறது. நம் கதவுக் கொண்டியின் வேலையையே செய்வதால் இங்கே அதைக் கொண்டி என்றே சொல்கிறேன். ட்ரிக்கர் பின்னோக்கி நகர்ந்தால் கொண்டி விலகும், அடியூசி பாயும். குழல்வாய் மேல்நோக்கியிருக்க, பின்புறம் தரையில் மோதுமாறு துப்பாக்கி சாய்வாக விழும்போது, உடல் சட்டென்று நின்றுவிட, ட்ரிக்கர் மட்டும், ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்க முனையும் இயல்பான நிலைமத்தால், தரையை நோக்கித் தொடர்ந்து நகர்கிறது. அந்த நிலையில் தரை இருக்கும் திசைதான் ட்ரிக்கரை இழுக்கும் திசையும். ஆகவே விரல் செய்ய வேண்டிய வேலையை நிலைமம் செய்துமுடிக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்த மேம்பாட்டில் எடை குறைந்த ட்ரிக்கர் இடம்பெற்றதே நோய் எங்கே இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை; ஒரு குடை போதுமாயிருந்தது. கடந்த இடவப்பாதி மழைக்காலத்தில், பொத்தானை அமுக்கினால் விரியும் என் குடை திண்ணையில் விழும்போதெல்லாம் விரிந்துகொண்டது. கொண்டியின் விளிம்பு தேய்ந்திருக்கும் என்றுதான் முதலில் எண்ணினேன். கழற்றிப் பார்த்தால் விளிம்பு கூர்மையாகவே இருந்தது. பிறகு சாக்கை மடித்துப் போட்டு, முழங்கால் உயரத்திலிருந்து வெவ்வேறு வாக்கில் குடையைப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் மேலே பார்த்திருக்க விழுந்தபோது மட்டுமே அது விரிந்தது; பக்கவாட்டில் திரும்பியிருந்தபோது ஒரு முறைகூட விரியவில்லை. தேய்ந்த கொண்டி இப்படித் திசை பார்த்து நழுவாது. குற்றவாளி பொத்தான், உடைந்த பிளாஸ்டிக் பொத்தானுக்குப் பதிலாகப் பித்தளையில் நானே கடைந்து போட்ட, பார்வைக்கு அழகான, கனத்த பொத்தான். இன்னும் கடினமான சுருள்வில்லைப் போட்டபோது குடை விரியாமல் நின்றது. ஆனால் என் மனைவியின் பெருவிரலுக்கும் அது விரிய மறுத்தது. கடைசியில் பொத்தானின் அடிப்புறத்தைக் குடைந்து எடையைப் பாதியாக்கியதும் இரண்டும் சரியாயின.

சொல்லுக்கு வருகிறேன். விரல் ஏவாமல் குண்டு புறப்படும் நிகழ்ச்சி அனைத்துக்கும் பொதுச்சொல்லாக, "செல்லாக்காசு" போன்ற அமைப்பில், "ஏவாச்சூடு" என்பதை முன்வைக்கிறேன். இதற்குள் காரணங்கள் பல. 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வரில் சுத்தி நேரே தோட்டாவின் மீது படிந்திருந்ததால், சுத்தியில் ஓர் அடி விழுந்தாலே சுடும். ஆறு அறைகளில் சுத்திக்கு நேரேயுள்ள ஒன்றைக் காலியாக விட்டு ஐந்தில் மட்டும் தோட்டா இடுவதே அதற்கான கைவைத்தியமாக இருந்தது. அதே பாணியில் வந்த ரூகர் ரிவால்வர்கள் 1973-இல்தான் சுத்திக்கும் ஊசிக்கும் இடையே, ட்ரிக்கரை இழுத்தால் மட்டும் எழும்பி அடியை ஊசிக்குக் கடத்தும் கடத்துத்தகட்டைப் பெற்றன. 1930-களின் ஜப்பானிய 94-ஆம் வகைத் துப்பாக்கியிலோ கொண்டியின் தண்டு இடப்பக்கத்தில் வெளியே தெரிந்தது. பாதுகாப்புப் பூட்டை விலக்கிய நிலையில் அதை அழுத்தினாலே குண்டு போய்விடும், விழவே வேண்டியதில்லை. இவை எல்லாம் ஏவாச்சூடே. பி320-இல் விழும்போது நேர்ந்ததற்கு மட்டும் "நிலைமச்சூடு" என்போம். அதே துப்பாக்கி விழாமலும் அடிபடாமலும் சுட்டது என்று தொடுக்கப்பட்ட வழக்குகள் வேறு. நிறுவனம் அவற்றை மறுக்கிறது. "தற்சூடு" என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். விரல் தெரியாமல் பட்டுச் சுடுவதும் இந்த வகையில் சேராது. அங்கே துப்பாக்கி விரல் சொன்னதைத்தான் செய்தது.

"விழுசூடு" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். விழுப்புண், விழுப்பொருள் என்று படித்து வளர்ந்த நமக்கு அது சிறப்பான சூடு என்றல்லவா ஒலிக்கும்! அதைவிட முக்கியமாக, கோளாறை உண்டாக்குவது விழுதல் அன்று, திடீரென்று நிற்றல். தரைக்குப் பதில் சுவர் நிறுத்தினாலும் கதை ஒன்றே.

ட்ரிக்கருக்கு "விசை" என்று எழுதுவதையும் விட்டுவிடும்படி வேண்டுகிறேன். "விசையின் மீது செயல்படும் விசை" என்று எழுதிப் பார்த்தவர்களுக்கு என் துன்பம் புரியும். உதயகிரிக் கோட்டைக்குள், திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாய் காலத்தில், பீரங்கி வார்த்த மண் இது. இன்று நாம் உறுப்புக்கு ஒரு பெயரில்லாமல் நிற்கிறோம்.

---

ஐயா, குழித்துறையிலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் நிலைமம் கற்பிக்கிறேன் என்பதால் அந்தப் பகுதியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "சூடு" என்றால் பிள்ளைகள் வெப்பத்தைத்தான் நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் சுடுவதை "வெடி வைத்தல்" என்றே சொல்வோம், "நிலைமவெடி" ஆகாதா? இன்னொன்று: உங்கள் குடை சுடவில்லை, விரிந்தது. காரின் இருக்கைப் பட்டைக் கொக்கியும் மோதலில் இதே காரணத்தால் கழன்றுவிடக் கூடும் என்று பேசப்பட்டதுண்டு. மூன்றுக்கும் பொதுவான இயக்கத்துக்குப் பெயர் வைக்காமல் அதன் ஒரு விளைவுக்கு மட்டும் பெயர் வைக்கிறீர்களே.

---

ஆசிரியை அவர்களுக்கு, "வெடி" வேண்டாம். குழலே பிளந்து வெடிக்கும் கோளாறு வேறாக இருக்கிறது, அதற்கு அந்தச் சொல் தேவைப்படும். "துப்பாக்கிச்சூடு" நாளிதழில் அன்றாடம் வருவதால் "சூடு" இருக்கட்டும்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. குடையை உதாரணம் காட்டிவிட்டு அதைச் சொல்லுக்கு வெளியே நிறுத்திவிட்டேன். "நிலைம விடுபாடு" என்று பொதுச்சொல் வைப்போமா? பூட்டியிருக்கும் ஓர் அமைப்பின் உடல் திடீரென நிற்கும்போது, அதை விடுவிக்கும் உறுப்பு தன் நிலைமத்தால் தொடர்ந்து நகர்ந்து பூட்டைத் திறந்துவிடுதல் என்று விளக்கம் எழுதலாம். குடைக்கும் பட்டைக்கும் அது நேராகப் பொருந்தும். கைத்துப்பாக்கியில் அது நேர்ந்தால் நிலைமச்சூடு. நீக்கும் வழிகளையும் குறிப்பில் சேர்க்கிறேன்: உறுப்பின் எடையைக் குறைத்தல், அதைத் திரும்பத் தள்ளும் மீள்வில்லைக் கடினமாக்குதல், குளோக் கைத்துப்பாக்கியில் இருப்பதுபோல் ட்ரிக்கரின் முகத்தில் விரல் பட்டால் மட்டுமே விலகும் ஒரு நாக்கு வைத்தல்.

ட்ரிக்கருக்குத் தனி இழை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன். மலையாளத்தில் "காஞ்சி" என்கிறார்கள். "குதிரை" என்று சொல்லப் போகிறவர்கள், பழந்துப்பாக்கியில் அது சுத்தியையும் குறித்தது என்பதை முன்கூட்டியே கவனத்தில் கொள்ளவும்.