மண்டபம் 12 அடி டிஷ்: ரிசீவரை மாற்றுவதா, துருவை முதலில் பார்ப்பதா?

உப்புக்காற்று: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சும்மா கிடக்கும் 12 அடி சி-பேண்ட் (பழைய சாட்டிலைட் டி.வி.) டிஷ்ஷை, விண்வெளி ஹைட்ரஜன் வாயு ரேடியோ அலை வீசும் 1420 மெகாஹெர்ட்ஸ் ஹைட்ரஜன் கோட்டுக்கு மாற்றி, புது எஸ்.டி.ஆர். (கம்ப்யூட்டர் மென்பொருளால் இயங்கும்) ரிசீவர்களைச் சோதிக்கலாமா என்பதுதானே கேள்வி? தாராளமாக. டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். அலைநீளம் 21 செ.மீ.; வலைக்கண் 2 செ.மீ.க்குள் இருந்தால் போதும், சி-பேண்ட் வலை அதைவிடப் பொடிசு. ஊட்டியில் 1970-இல் எழுந்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியிலும் ரிசீவரைத்தானே காலத்துக்கேற்ப மாற்றினார்கள்?

பாம்பன்வாசி: ஊட்டி மலை வேற, மண்டபம் கடற்கரை வேற அண்ணே. அலுமினிய வலையை இரும்பு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால், உப்பு ஈரத்தில் அந்த மூட்டு அரித்துப்போயிருக்கும். துருப்பிடித்த மூட்டு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு மாதிரி வேலை செய்யும். செல்போன் டவர் அலைகள் அதில் கலந்து, வானத்தில் இல்லாத சிக்னல் பிறக்கும். அது 1420-லேயே வந்து விழுந்தால் எந்த ஃபில்டரும் தடுக்காது. அப்புறம் புது ரிசீவர் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

உப்புக்காற்று: அதை விட நஷ்டம் கேபிளில்தான். 10 மீட்டர் ஆர்.ஜி.6 கேபிள் சிக்னலில் ஏறக்குறைய 2.5 டெசிபல் தின்னும். எல்.என்.ஏ.வுக்கு (இரைச்சல் குறைந்த முதல் பெருக்கி) முன்னால் அது வந்தால் 220 கெல்வினுக்கு மேல் (இரைச்சலை வெப்பநிலையாக அளக்கும் கணக்கு) இரைச்சல் சேரும், நல்ல எல்.என்.ஏ.வின் சொந்த இரைச்சலோ 35 கெல்வின்தான். டிஷ்ஷின் குவிமுனையில் இருக்கும் பழைய டி.வி. ரிசீவர் தலையான எல்.என்.பி. 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸுக்கானது, கழற்றிவிடுங்கள். அதற்குப் பதில் ஆன்டெனாவாக 16 செ.மீ. விட்டத் தகர டப்பா, அடித்தகட்டிலிருந்து 8.3 செ.மீ. தள்ளி 5 செ.மீ. செம்புக் கம்பி, எல்.என்.ஏ. டப்பாவின் மேலேயே. டப்பா வாயை ரேடியோ அலையை விழுங்கும் கார்பன் ஃபோமால் மூடிப் பாருங்கள்; திறந்து வானத்தைப் பார்த்ததும் இரைச்சல் அளவு 5 டெசிபல் இறங்கினால் ரிசீவர் தேறிவிட்டது.

பாம்பன்வாசி: இரைச்சல் தேறும், சரி. துருவில் பிறக்கும் பொய்க்கோட்டை அந்தச் சோதனை காட்டிக்கொடுக்காதே? திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு மூட்டையும் மரக்கட்டையால் தட்டுங்கள். கோடு துள்ளினால் அந்த மூட்டுதான் குற்றவாளி. தேய்த்துச் சுத்தம் செய்து, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நைலான் வாஷர் போட்டு, கிரீஸ் தடவுங்கள்.

உப்புக்காற்று: தட்டிப் பார்ப்பதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் கோட்டைப் பார்க்கவே திரையில் ஏதாவது வரவேண்டும், அதற்கு எல்.என்.ஏ. முதலில் ஏறியாக வேண்டும்.

பாம்பன்வாசி: ஏற்றுங்கள். கனெக்டரில் தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றாமல் மட்டும் ஏற்றாதீர்கள். தை மாதத்தில் வைத்தது ஆடிக்காற்றுக்குள் பச்சை பிடித்துவிடும்.